அப்பா நின்ற நீளமான வரிசை

பரீட்சை முடிவு வந்த வியாழக்கிழமை காலை, அப்பா டோஸ்ட்டை உயர்த்திப் பிடித்து அறிக்கை விட்டார்.

"ரோவினாவுக்கு மேல்வகுப்புல மூணே பாடம். கணக்கு, பௌதிகம், வேதியியல். நானே அந்தக் காலத்துல கணக்குல புலி. இந்த வீட்டுல முடிவெடுக்கறது நான்."

"சரி கண்ணு," என்றாள் அம்மா.

அம்மா அவரைக் கண்ணு என்று கூப்பிட்டால் எனக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும்.

நாடகத்தில் எனக்கு ஒன்பது. எங்கள் பரீட்சையில் அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது. பௌதிகத்தில் நாலு. நாடக வகுப்பில் இரண்டு இடம்தான் மிச்சம். அப்பாவோ அம்மாவோ ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் விண்ணப்பம் அப்பாவின் கோட்டுப் பைக்குள்.

"அப்பா குரல்ல காலேஜுக்குப் போன் பண்ணி, நாடகத்துக்குச் சம்மதம்னு சொல்லிடவா?" என்று அம்மாவின் காதைக் கடித்தேன். "டெஸ்மண்ட் பிக்கர்ஸ்கில் பேசறேன்" என்று கரகரத்துக் காட்டியதும் எங்கள் நாய் வாலாட்டியது.

"எதுக்குடி? நிஜ அப்பாவே இருக்காரே."

மறுநாள் கல்லூரி மண்டபத்தில் பாடத்துக்கொரு மேஜை. மேஜைக்கொரு வரிசை.

"கணக்குக்குக் கூட்டத்தைப் பாரு டெஸ்மண்ட். நீ போய் இடம் பிடி. விண்ணப்பத்தைக் குடு, விலாசம் எழுதிட்டு வரேன்," என்றாள் அம்மா.

எங்கள் ஊரான கிரிம்ஸ்பியில் வரிசையில் நின்றுவிட்ட மனிதன், கூரை தலைமேல் ஒழுகினாலும் நகரமாட்டான். அப்பா இன்னும் ஒரு படி மேல். பின்னால் வந்த மூன்று பேருக்கு, "நீங்க முன்னாடி போங்க" என்று வழி வேறு விட்டார்.

"எல்லாம் நரைச்ச தலை. பிள்ளைங்க படிப்புல எவ்ளோ அக்கறை பாத்தியா?" என்றார் என்னிடம்.

பார்த்தேன். எதிர்மூலையில் நாடக மேஜையில் அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மணி நேரம் கழித்து அப்பாவின் முறை வந்தது.

"பேரு?" என்றார் மேஜைக்காரம்மா.

"ரோவினா பிக்கர்ஸ்கில்."

"இல்லையே. டெஸ்மண்ட்னுதான் இருக்கு. உங்க மனைவி நேத்தே போன்ல சொல்லிட்டாங்க. பெரியவங்களுக்கான மாலை வகுப்பு, செவ்வாய்க்கிழமை. ஸ்கூல்ல கணக்குல கோட்டை விட்டவங்களுக்கு."

புலியின் காது சிவந்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் இருபது பேர் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர்களைத் தாமதப்படுத்தலாமா?

"பேனா இருக்கா?" என்றார்.

இப்போது செவ்வாய்தோறும் எனக்கு ஒத்திகை. அப்பாவுக்குப் பின்னம். போன வாரம் என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"உங்கம்மா குரல்ல காலேஜுக்குப் போன் பண்ணி, எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடும்மா."

அச்சு அசலாக அம்மா குரலில் போன் செய்தேன்.

"என் கண்ணுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. வீட்டுப்பாடம்தான் பத்தலையாம்."