சீனி பத்தாத கேசரி

சுகர் வந்தவனுக்கு வைத்தியம் சொல்லாத ஆள் சங்கரன்கோவிலில் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் நின்று கொட்டாவி விட்டால்கூட, ரெண்டு பேர் வந்து ஏதாவது இலையின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் விடவில்லை. கொய்யா இலை, மா இலை, வேப்பங்கொழுந்து என்று நான் மேய்ந்த மேய்ச்சலில், தெரு ஆடுகள் என்னைப் பொறாமையோடு பார்த்தன.

கடைசியில் வந்தது சிறுகுறிஞ்சான். என்கூட வேலை பார்க்கும் முருகன், குருவிகுளத்து வேலியில் பறித்துப் பை நிறையக் கொண்டுவந்தான்.

"சாறு எடுத்துக் குடிங்க அண்ணாச்சி. சுகர் அலறிக்கிட்டு ஓடும்."

அது நாக்கை என்ன செய்யும் என்பதை மட்டும் அந்தப் பாவி சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், என் தங்கை செல்வியைப் பெண் பார்க்கப் புளியங்குடியிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளை போட்டோவைப் பார்த்ததிலிருந்தே செல்வி தரையில் நடக்கவில்லை.

அம்மா என்னைத் தனியாக இழுத்துப்போய்ச் சொன்னாள். "ஏலே, உனக்கு சுகர் இருக்குன்னு அவுக முன்னாடி மூச்சு விடாத. குடும்பத்துக்கே இருக்கும்னு எந்திரிச்சுப் போயிருவாக."

செல்வி அதற்கும் மேல். "அண்ணே, இந்த இடம் உன்னால தட்டிப்போச்சுன்னா, சாகுத வரைக்கும் உன்கூடப் பேச மாட்டேன்."

இந்தப் பதற்றத்தில் சுகர் ஏறிவிடக் கூடாதே என்று ஒரு டம்ளர் சாறு குடித்தேன். குமட்டியது. மிச்சம் கிடந்த இலையையும் மென்று விழுங்கினேன். (பொறுப்பான அண்ணன்!)

அடுப்படியில் என் மனைவி வள்ளி கேசரி கிளறிக்கொண்டிருந்தாள். "எனக்கு இன்னைக்கு விரதம், வாயில வைக்கக் கூடாது. நீங்க ஒரு துளி போட்டுப் பாருங்க."

எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்கு ஏங்கியிருந்தேன்! ஆசையாக வாயில் போட்டேன். ஈர மண்.

"ஏட்டி, சீனியே போடலியா?"

"அளந்துல்லா போட்டேன்!"

"என்னத்த அளந்த? சப்புனு கெடக்கு. போடு."

போட்டாள். அப்போதும் மண். மறுபடியும் போடச் சொன்னேன். அவள் முறைக்க, டப்பாவைப் பிடுங்கி நானே கவிழ்த்தேன். கரண்டி நகர மறுத்தது.

மாப்பிள்ளையும் அவர் அப்பா அம்மாவும் வந்து உட்கார்ந்தார்கள். "எல்லாம் எம்பொண்ணு செஞ்சதுதான்" என்று அம்மா தட்டுகளை நீட்டினாள். (செல்விக்கு அடுப்பு பற்றவைக்கவே தெரியாது.)

மாப்பிள்ளை ஒரு வாய் வைத்தார். கண்ணை இறுக்கி மூடினார். செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். அவர் அம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "இது கேசரியா, சீனி மூட்டையா?" என்றார்.

செல்வியின் கண் கலங்கியது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான இருக்கு? சீனிதான் கொஞ்சம் கம்மி" என்றேன்.

அப்போதுதான் மாப்பிள்ளையின் அப்பா, காலித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். "தம்பி சொல்லுதது சரிதான். சீனி பத்தல."

எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

"யம்மா, அப்பாவுக்கு இலை குடுத்தியா?" என்றார் மாப்பிள்ளை.

அந்த அம்மா வெடித்துவிட்டார். "சுகர வச்சுக்கிட்டு இங்கன வந்து இனிப்பத் திம்பாகளேன்னு, கார்லயே சிறுகுறிஞ்சான மெல்லக் குடுத்தேன். அத மென்னா நாக்குக்கு இனிப்பே தெரியாது, ஒரு வாயோட வச்சிருவாகன்னு பாத்தேன். தட்டையே காலி பண்ணிட்டாக!" சொல்லிவிட்டு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, நாக்க நீட்டுங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஃபேனைப் பார்த்தாள். நீட்டினேன். பச்சை. மாப்பிள்ளையின் அப்பாவும் நீட்டினார். அதே பச்சை.

"அப்போ உங்க வீட்லயும் சுகரா!" என்று அம்மா அடைந்த சந்தோஷம், நான் பரீட்சையில் பாஸானபோதுகூட அடையாதது.

மாப்பிள்ளை மட்டும் கவலையாகக் கேட்டார். "அப்போ இது பொண்ணு செஞ்சது இல்லியே?"

"இல்ல!" என்று வீடே கத்தியது.

"அப்பச் சரி. எனக்குச் சம்மதம்."

மறுநாள் ரத்தப் பரிசோதனை ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர், "இலையை நம்பி மாத்திரையை விட்டீங்களா?" என்று கேட்டார். மாத்திரையை விடவில்லை, கேசரியைத்தான் விடவில்லை என்று எப்படிச் சொல்வது?

போன மாதம் செல்வி மகனுக்குப் பிறந்தநாள். அடுப்பில் பாயசம் கொதிக்க, ருசி பார்க்க ஆசைப்பட்டு நானும் அவள் மாமனாரும் அடுப்படி வாசலில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். செல்வி செல்போன் டார்ச்சை அடித்து, யார் நாக்கு பச்சை என்று பார்த்தாள்.

"மாமா, நீங்க உள்ள வாங்க. அண்ணே, நீ அங்கனயே நில்லு."