தரையில் முட்டும் கொக்கியும் ஏழு தேசிக்காயும்

துன்,
சுவிற்சர்லாந்து,
08.07.2025, செவ்வாய்க்கிழமை

வில் நகரில் என் அக்கா செல்வராணியோடு ஒரு குறையுமின்றி வாழும், என் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் குணசேகரம் அவர்களுக்கு,

துன்னிலிருந்து மைத்துனன் இராஜேந்திரன் பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் இடுப்பு நோவும் அக்காவின் சீனி வருத்தமும் ஒரு கட்டுக்குள் நிற்கும் என்று நம்புகிறேன். இங்கே என் உடம்புக்கும் சிவகலாவின் உடம்புக்கும் மகள் கோபிஷாவின் உடம்புக்கும் தெய்வத்தின் புண்ணியத்தில் குறையில்லை. குறையெல்லாம் நீங்கள் ஆசையாகத் தந்த வோன்வாகனுக்கு, காரின் பின்னால் கொளுவி இழுக்கிற அந்த வீட்டு வண்டிக்குத்தான். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். தொலைபேசியில் கதைத்தால் சிவகலா குசினியிலிருந்து திருத்தம் சொல்லுவாள். குரல் பதிவு போட்டால் நீங்கள் அதை முழுக் குடும்பக் குழுமத்துக்கும் அனுப்பிவிடுவீர்கள். ஆகவே தபாலில் எழுதுகிறேன். தயவுசெய்து அக்காவுக்கு உரத்து வாசித்துக் காட்ட வேண்டாம்.

அத்தான், சிவகலாவின் கதை உங்களுக்குத் தெரியாததில்லை. இருபத்துநான்கு வருடம் இங்கே ஏரிக்கரை ஓட்டலில் கட்டில் விரித்தவள். முழங்கால் ஏலாமல் போய் இந்த மே மாதம்தான் வேலையை விட்டாள். ஒரு நாள்கூட நாங்கள் விடுமுறை என்று எங்கேயும் போய் இருந்ததில்லை. ஒரே ஒருமுறை ஒரு ஓட்டலுக்கு விருந்தாளியாகக் கூட்டிக்கொண்டு போனேன். விடிய ஆறு மணிக்கு எழும்பி எங்கள் கட்டிலை விரித்து, குளியலறையைத் துடைத்து, பக்கத்து அறைக்காரர் வாசலில் வைத்திருந்த தட்டையும் எடுத்துக்கொண்டு குசினியைத் தேடிப் போய்விட்டாள். அதோடு ஓட்டல் என்ற பேச்சே இல்லை. அதனால்தான் நீங்கள் உங்கள் வண்டியைத் தருகிறேன் என்றபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் டெசினில், ஏரிக்கரையில், இரண்டு கிழமைக்கு வண்டி நிறுத்த இடம் பதிந்தேன். ஐந்தாம் திகதி சனிக்கிழமை புறப்பாடு. அவளை ஒரு இடத்தில் சும்மா இருக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதுகூடப் பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

காருக்கு வண்டியைக் கொளுவுகிற கொக்கி பூட்டியது நம்முடைய அருட்செல்வன். நல்ல மெக்கானிக், வாய்தான் கொஞ்சம் கூட. கொக்கியின் உருண்டை நிலத்திலிருந்து முப்பத்தைந்துக்கும் நாற்பத்திரண்டு சென்றிமீற்றருக்கும் இடையில் நிற்க வேண்டுமாம், அதுவும் காரில் பாரம் ஏற்றிய பிறகு. வெறுங்காரில் அளந்தோம், நாற்பது. நான் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன், நீங்கள் பெருவிரலைக் காட்டினீர்கள். அத்தோடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு ஏரிக்கரையில் இருந்திருப்பேன். நீங்கள் விட்டீர்களா? அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்து, பாரம் முழுவதையும் வண்டியின் முன்பக்கம் ஏற்று, அப்போதுதான் வால் ஆடாது என்று அரை மணித்தியாலம் விளக்கம் சொன்னீர்கள். பெரியவர் சொன்னால் அதில் ஒரு நியாயம் இருக்கும் என்று நான் மறுபேச்சில்லாமல் கேட்டேன். இதற்கிடையில் அக்கா யாரிடமோ வாய் தவறிச் சொல்லி, அது டாவோஸில் இருக்கிற சொந்தக்காரர் வரைக்கும் போய், நாங்களும் ஒரு நாளைக்கு வாறம், ஒரு இரவு நிண்டிட்டுப் போறம் என்று ஆளாளுக்குப் பதிந்துவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் அதில் அடக்கம். எல்லாமாகப் பதினொரு பேர். வருகிற சனத்துக்குப் பாணும் சீஸும் கொடுப்பதா என்று சிவகலா ஏற்றத் தொடங்கினாள். இருபது கிலோ குத்தரிசி, அரிசிமா, இடியப்ப உரல், புட்டுப் பானை, துருவலை, பதினாறு தேங்காய், கோயில் அன்னதானத்துக்கு எடுக்கும் அளவில் ஒரு கிடாரம், கடைசியாகக் கிரைண்டர். அவ்வளவும் வண்டியின் மூக்கில் இருக்கிற முன்பெட்டிக்குள்.

சனிக்கிழமை காலை வண்டியைக் காரில் கொளுவினால் காரின் பின்பக்கம் அப்படியே குந்திவிட்டது. கோபிஷா அளந்து பார்த்து, அப்பா, இருபத்தெட்டுத்தான் நிக்குது, இது வீதியிலே தட்டும் என்றாள். ஓடத் தொடங்கினால் தானாக எழும்பும் என்று நான் சொன்னேன். எந்த விசரில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பிறகுதான், பயணத்துக்கு முதல் கண்ணூறு கழியச் சில்லால் நசிக்கிற தேசிக்காய் விசயம். நீங்கள் வெள்ளிக்கிழமை எடுத்து, எல்லாச் சில்லுக்கும் வை, ஒண்டையும் விடாதை என்றீர்கள். காருக்கு நாலு, வண்டிக்கு இரண்டு. ஆனால் வண்டியின் மூக்கிலே ஒரு சின்னச் சில்லு இருக்கிறதே, கழற்றி நிறுத்தும்போது முட்டுக் கொடுக்கிற சில்லு, அதுவும் சில்லுத்தானே? ஏழாவது தேசிக்காயை அதற்கு வைத்தேன். வைத்தால் நசிய வேண்டும், நசிய வேண்டுமென்றால் சில்லு நிலத்தில் நிற்க வேண்டும். ஆகவே ஓடுவதற்கு முதல் மேலே தூக்கிப் பூட்ட வேண்டிய அந்தச் சில்லைத் தூக்காமலே காரை எடுத்தேன். ஏழும் நசிந்தன. சிவகலா கற்பூரத்தைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். இறங்கித் தூக்குவோம் என்றால், நல்ல நேரத்தில் உருண்ட வண்டியை வாசலிலேயே நிற்பாட்டக்கூடாது என்று அவள் தடுத்தாள். பெற்றோல் நிலையத்தில் தூக்கலாம் என்று நானும் விட்டேன்.

பெற்றோல் நிலையத்தை யார் கண்டது. எங்கள் முற்றத்திலிருந்து வீதிக்கு ஏறுகிற சரிவு உங்களுக்குத் தெரியும். கார் முன்பக்கம் ஏற, பின்பக்கம் இன்னும் தாழ, சின்னச் சில்லு கொங்கிறீற்றில் குத்தி மடங்க, அதற்குப் பின்னால் கொக்கி நிலத்தை உழுதுகொண்டு போய் நின்றது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அந்த முற்றத்துக்கு அது ஒன்றுதான் வாசல். பின்னால் ஒன்பது கார், எல்லாருக்கும் விடுமுறை தொடங்குகிற நாள், எல்லாக் காருக்குள்ளும் குளிப்பதற்கு உடுப்புப் போட்ட பிள்ளைகள். ஒருத்தரும் ஹோர்ன் அடிக்கவில்லை அத்தான், அதுதான் எனக்குப் பெரிய வேதனை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு அமைதியாக இறங்கி நின்று பார்த்தார்கள். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹெர் அம்ஸ்டுட்ஸ் வந்தார். குனிந்து பார்த்தார். நசிந்த தேசிக்காயைப் பார்த்தார், எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தைப் பார்த்தார். இது திட்டமிட்டுச் செய்ததா என்று மரியாதையாகக் கேட்டார். நான் ஓம் என்பதா இல்லை என்பதா? பிறகு கொக்கி கீறிய இடத்தை அளவு ரேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டார். நாலு ஆண்கள் சேர்ந்து கிரைண்டரையும் அரிசியையும் இறக்கி, வண்டியைப் பின்னுக்குத் தள்ளி விருந்தினர் கார் தரிப்பிடத்தில் விட்டார்கள். கிடாரத்தைத் தூக்கியவர் இது என்ன வாத்தியம் என்று கேட்டார்.

பின்னேரம் கோபிஷா குளியலறைத் தராசைக் கொண்டுவந்தாள். சாமானை எல்லாம் முன்போலவே திருப்பி ஏற்றி, வண்டியின் மூக்கைத் தராசின் மேல் ஒரு கட்டையில் இறக்கிப் பார்த்தால் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. கொக்கி தாங்கக்கூடியது எழுபத்தைந்தாம். அது காருக்குரிய புத்தகத்திலேயே இருக்கிறதாம். பாரம் அச்சுக்கு மேலே நடுவில் இருக்க வேண்டும் அப்பா என்று பிள்ளை படம் கீறி விளங்கப்படுத்தினாள். நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் உங்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். நீங்கள், அப்ப எல்லாத்தையும் கடைசிக்குத் தள்ளு என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளினேன். மூக்கு பஞ்சு மாதிரி எழும்பியது. கொக்கி நாற்பத்தொன்றில் நின்றது, எனக்குச் சரியான சந்தோசம். சரிவில் ஏறினால் இந்த முறை வண்டியின் பின்பக்கம் நிலத்தில் உரசுகிறது. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் சத்தம் வரும் என்று வெறும் போத்தலைக்கூடத் தொட்டியில் போடக்கூடாது, நான் போட்ட சத்தத்தில் மூன்று மாடியிலும் யன்னல் திறந்தது. ஹெர் அம்ஸ்டுட்ஸ் மறுபடியும் ரேப்போடு வந்தார். அந்த மனுசன் ஒரு தரம் ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி ஆறியிருப்பேன். இரண்டு கோட்டுக்கும் பக்கத்தில் சோக்கால் ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுவிட்டு, நல்ல ஞாயிறு என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

நேற்று அருட்செல்வன் வந்து காருக்குக் கீழே படுத்துப் பார்த்தான். அண்ணை, கொக்கியிலை பிழையில்லை, காரின்ரை பின் ஸ்பிரிங் செத்துப் போச்சு, நீங்கள் பாரத்தை நடுவிலை வைச்சாலும் இது குந்தத்தான் செய்யும் என்றான். ஸ்பிரிங் வர மூன்று கிழமையாம். வண்டிக்குச் சின்னச் சில்லும் புதிதாக வேண்டும். இப்போது வண்டி மூக்குக் குத்தினபடி கொக்கிவாய் தரையில் முட்டிக்கொண்டு, விருந்தினர் தரிப்பிடத்தில் சரிந்து நிற்கிறது. ஹெர் அம்ஸ்டுட்ஸ் பத்தொன்பதாம் திகதி வரைக்கும் நிற்கலாம் என்று துண்டு எழுதி ஒட்டியிருக்கிறார். டெசினில் எங்கள் இடத்தில் இப்போது புல்லுத்தான் நிற்கிறது.

இதெல்லாம்கூடப் பறவாயில்லை. எனக்குத் தாங்க முடியாதது சிவகலா. ஞாயிறு மத்தியானத்திலிருந்து, சாமான் எடுத்துக்கொண்டு வாறன் என்று கீழே போகிறாள், வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டுகிறாள், மூன்று மணித்தியாலம், நாலு மணித்தியாலம் வருவதில்லை. வந்தால் கையில் ஒரு சாமானும் இல்லை. நேற்றும் அப்படி, இன்றைக்குக் காலையும் அப்படி. உள்ளே இருந்து அழுகிறாள் அத்தான். இருபத்துநான்கு வருடம் மற்றவர்களின் விடுமுறைக்குக் கட்டில் விரித்தவளுக்கு நான் கொடுத்த விடுமுறை ஒரு கார் தரிப்பிடம். கதவைத் தட்டக்கூட எனக்கு முகமில்லை. ஆகவே உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், இந்தச் சனிக்கிழமை உங்கள் பெரிய காரைக் கொண்டுவந்து இந்த வண்டியை என் கண்ணில் படாமல் இழுத்துக்கொண்டு போய்விடுங்கள். அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், சிவகலாவுக்கு நாலு ஆறுதல் வார்த்தை சொல்லட்டும். மிச்ச நாளுக்கு நான் வேறு ஏதாவது பார்க்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு நீண்ட ஆயுளும், கொஞ்சம் குறைவாக ஆலோசனை சொல்கிற மனமும் கிடைக்க எல்லாம் வல்ல முருகனை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்து கெட்ட உங்கள் மைத்துனன்,
இராஜேந்திரன்

பின்குறிப்பு: கடிதத்தைப் பெட்டியில் போடக் கீழே இறங்கினேன். மனம் கேட்கவில்லை, போய் வண்டிக் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. யன்னலால் பார்த்தேன். சரிந்த வண்டிக்குள், சரிவுக்கு ஏற்றபடி காலை மேல்பக்கம் வைத்துப் படுத்திருந்தாள். அப்படிப் படுத்தால் முழங்காலுக்குச் சுகமாக இருக்கிறதாம். பக்கத்தில் ஒரு கோப்பை தேத்தண்ணி, பாதி சாப்பிட்ட மாம்பழம். கட்டில் விரிக்காமல் அலங்கோலமாகக் கிடந்தது. அழுத முகம் இல்லை, நித்திரை முகம். யன்னலைக் கொஞ்சமாகத் திறந்து, "மூண்டு நாளா இஞ்சை ஒருத்தரும் என்னைத் தேடேல்லை. நீங்களும் தேடாதேங்கோ" என்றாள். அடுத்த மாதம் ஸ்பிரிங் போட்டதும் எப்படியும் டெசினுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். "அங்கை பதினொரு பேருக்குச் சமைக்கோணும்" என்று சொல்லிவிட்டு யன்னலைச் சாத்தினாள்.

ஆகவே அத்தான், மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். சனிக்கிழமை வர வேண்டாம். அக்காவையும் அனுப்ப வேண்டாம். கேட்கிறவர்களிடம் நாங்கள் போன சனிக்கிழமையே நல்ல நேரத்தில் புறப்பட்டுவிட்டோம் என்று சொல்லுங்கள். எங்கே என்று கேட்டால், டெசின் இல்லை, வேறொரு இடம், அந்த இடத்தில் தொலைபேசி எடுக்காது என்று சொல்லிவிடுங்கள்.