பொட்டு வைத்த இசைத்தட்டு

பாகூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புள்ள ஜெயசுதா அண்ணிக்கு,

வினோதினி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மாமாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அத்தையின் முழங்கால் வலி கட்டுக்குள் இல்லை, உங்கள் தம்பி எப்போதும்போல் கடைக்குள் இருக்கிறார். கோயம்புத்தூரில் நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புது வீட்டுக்கு டைல்ஸ் ஒட்டி முடித்தாயிற்றா?

நீங்கள் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இப்போதுதான் பதில் எழுதுகிறேன், அதுவும் பேப்பரில். கோபித்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், உங்கள் அப்பாவின் பாட்டெல்லாம் என் ஃபோனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு வணக்கம் அனுப்பக்கூட இடமில்லை என்கிறது. ஃபோனில் பேசலாம் என்றால், இந்த வீட்டில் பேசத் தடை. தடை போட்டவளே நான்தான். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"கிரகப்பிரவேசத்துக்கு அப்பாவோட அந்த நாதஸ்வர ரெக்கார்டு ஓடணும், நீ பிசிக்ஸ் படிச்ச பொண்ணு, ஃபோன்ல ஏத்திக் குடுத்துடு" என்றீர்கள். ஒரு மத்தியான வேலை என்று நினைத்தேன். சோரியாங்குப்பத்திலிருந்து மடுகரை வரைக்கும் மாமாவின் சவுண்ட் சர்வீஸ் போகாத கல்யாணமில்லை, அந்தத் தட்டில் தொடங்காத கல்யாணமும் இல்லை என்று நான் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பரணிலிருந்து மெஷினை இறக்கினோம், அது சுற்றவும் செய்தது. ஒயரை லேப்டாப்பில் சொருகிப் பதிவு செய்தால், தேன்கூட்டுக்குள் கச்சேரி நடப்பதுபோல ஒரே ரீங்காரம். எலக்ட்ரீஷியன் உலகநாதன் வந்து பார்த்துவிட்டு, "மெஷின்ல ஒண்ணுமில்லக்கா, வூட்டுக்கே எர்த்து சரியில்ல" என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். சரி, ஸ்பீக்கருக்கு எதிரே தலையணை அடுக்கி, அதன்மேல் ஃபோனை வைத்துப் பதிவு செய்யலாம் என்று முடிவெடுத்தேன். அங்கேதான் பிடித்தது சனி.

அண்ணி, ஒரு வீட்டில் எத்தனை சத்தம் இருக்கிறது என்பது பதிவு செய்து பார்த்தால்தான் தெரிகிறது. ஃபேன் கிறீச்சிடுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, கரும்பு டிராக்டர் போகிறது, பக்கத்து வீட்டுச் சேவலுக்கு எந்த ராகம் என்றாலும் சம்மதம். இதற்கு நடுவே மாமா. தட்டு முடிந்து ஊசி 'ஸ்ஸ்ஸ்' என்று இழைக்கத் தொடங்கியதும், அவர் எங்கே இருந்தாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், "வேணு, திருப்புடா!" என்று ஒரு சத்தம் போடுவார். வேணு அந்தக் காலத்தில் அவரிடம் வேலை பார்த்தவர், இப்போது வில்லியனூரில் சொந்தமாக டீக்கடை வைத்திருக்கிறார். அதனால் ஓடிப்போய்த் தட்டைத் திருப்பிப் போடுவது நான். பி.எஸ்சி. முடித்து வேணுவாகிவிட்டேன். "வாயில வந்துடுதும்மா, கல்யாணத்துல ரெக்காட்டு நின்னா பொண்ணு வூட்டுக்காரன் அடிக்க வருவான்" என்று மாமாவே வருத்தப்பட்டுக்கொள்கிறார், அடுத்த பக்கம் முடிந்ததும் மறுபடி "டேய்" என்கிறார்.

ஆகவே சட்டம் போட்டேன். பதிவு நடக்கும்போது ஃபேன் நிற்கும், அடுப்பு அணையும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது, மாமா வாசலில்தான் உட்கார வேண்டும். அறைக்குள் இருக்க அருள்மொழிக்கு மட்டும்தான் அனுமதி. காரணம் உங்களுக்கே தெரியும்.

நீங்கள் ஒவ்வொரு தடவையும் கேட்கிறீர்கள், நானும் பேச்சை மாற்றிவிடுகிறேன். இன்னும் பேசவில்லை, அண்ணி. ரெண்டே கால் வயதாகிறது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், சொன்னதை எடுத்துவருகிறாள், வேண்டியதைக் கை காட்டுகிறாள், அம்மா என்று ஒரு வார்த்தை வரவில்லை. பேர் மட்டும் அருள்மொழி என்று எதிர்வீட்டில் சிரிக்கிறார்கள். காதைச் சோதித்துப் பார்த்த டாக்டர் அம்மா, காது நன்றாக இருக்கிறது, வீட்டில் எல்லோரும் நிறையப் பேசுங்கள், நாளை, திங்கட்கிழமை, பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வாருங்கள் என்று சொல்லியனுப்பினார். எல்லோரும் பேசுங்கள் என்று டாக்டர் சொன்ன வீட்டில், யாரும் பேசக்கூடாது என்று நான் சட்டம் போட்டிருக்கிறேன் என்பது எனக்கே நேற்றுத்தான் உறைத்தது. அதுவும் எப்படி? முந்தைய பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போய் ஒரு மூச்சு விடுகிற இடத்தில், பின்கட்டிலிருந்து அத்தை யாரிடமோ ஃபோனில் பேசுவது தெளிவாக விழுந்திருக்கிறது: "புள்ள இன்னாடி செய்யும்? அவ எந்நேரமும் அந்த ஃபோன நோண்டிகினு, எங்க வாயயும் கட்டிப் போட்டுட்டா. ஊம கணக்கா கெடக்கறோம் எல்லாரும்." அதன்பின் தவில் வேறு 'ஆமாம், ஆமாம்' என்று ஒத்துக்கொள்கிறது. கோபமாக வந்தது. பிறகு யோசித்தேன். அத்தை சொன்னதில் தப்பென்ன?

இதற்கிடையில் இன்னொரு மர்மம். நாதஸ்வரத் தட்டின் முதல் பாட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம், சீராக, சுற்றுக்கு ஒன்று. கீறலாக இருக்கும் என்று ஃபோன் வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தேன். அந்தக் கோடுகளைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா அண்ணி? உழுத நிலம் மாதிரி அவ்வளவு வரிசை, அதற்குள் எங்கே நாதஸ்வரம், எங்கே தவில் என்று எனக்குச் சாப்பாடு மறந்துவிட்டது. அந்த வரிசைக்குள் பாறை மாதிரி ஒரு மேடு. சந்தனம்! அதன்மேல் குங்குமம்! ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மாமா மெஷினுக்கு, குழாய் ஸ்பீக்கருக்கு, ஒவ்வொரு தட்டுக்கும் பொட்டு வைத்திருக்கிறார், அதே இடத்தில், வருஷத்துக்கு ஒரு அடுக்காக. "பாடறது அதுதானேம்மா, அதுக்கு வெக்காம அட்டைக்கா வெக்கறது?" என்கிறார். அருள் மட்டும் தட்டின் பொட்டைத் தொட்டுப் பார்த்து, தன் நெற்றியையும் தொட்டுக் காட்டினாள். அவளுக்கு எல்லாம் புரிகிறது, அண்ணி.

நான் பஞ்சும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து, தட்டுகளைப் பதமாகத் துடைத்து, முற்றத்தில் நிழலில் நிறுத்திக் காயவைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்வந்தால், அத்தை முகத்தில் இடி விழுந்திருக்கிறது. "வெள்ளிக்கெழம அதுவுமா பொட்டழிச்சி வெச்சிருக்கியே, இன்னா பொண்ணு நீ!" அவருக்குப் பக்கத்தில் மாமா கிண்ணத்தில் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு, கழுவின தட்டுக்கெல்லாம் ஈரம் காய்வதற்குள் புதுப்பொட்டு வைத்து முடித்துவிட்டார். மறுபடி கழுவினேன். நடுவில் இருக்கிற காகிதத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சமரசம் ஆயிற்று.

நேற்றுக் கடைசி முயற்சி. பொட்டில்லை, ஃபேனில்லை, சேவல் கூடத் தூங்குகிறது. பாதிப் பாட்டில் தெருமுனையில் சகாயராணி அக்காவின் மீன் வண்டி, ஒலிபெருக்கியோடு. அருளைத் தலையணையில் உட்காரவைத்துவிட்டு நான் தெருவுக்கு ஓடினேன், மாமா பின்னால் வந்தார், அத்தை அவருக்கும் பின்னால்.

"ரெக்காட்டிங் நடக்குது, மைக்க நிறுத்தும்மா!" என்று மாமா கத்துகிறார்.

"நானும் ரெக்காட்டிங்தான் பெரியவரே போட்டுருக்கேன், என் தொண்டையிலயா கத்தறேன்?" என்று அந்த அம்மா கேட்கிறார். "மீன் வேணாம்னா வேணாம்னு சொல்லு வினோதினி, ஓடியாந்து கையெடுத்துக் கும்புடுற?"

அத்தை அதற்குள் வஞ்சிரம் பேரம் பேசத் தொடங்கிவிட்டார். நாங்கள் திரும்பி வந்தபோது தட்டு முடிந்து ஊசி இழைத்துக்கொண்டிருந்தது. அருள் மெஷினையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிவை நான் முழுதாகக் கேட்கக்கூட இல்லை, மனசு விட்டுப்போய்விட்டது.

ஆகவே உங்களிடம் ஒரு கோரிக்கை. லேப்டாப்பில் நேராகச் சொருகுகிற புது மெஷின் கோயம்புத்தூரில் கிடைக்குமாம். வாங்கி அனுப்புங்கள். வெளிச்சத்தம் எதுவும் ஏறாதாம், வீட்டில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே பதிவு செய்யலாம். இங்கே படுகிற பாடு பொய்யில்லை என்பதற்கு அத்தாட்சியாக நேற்றைய பதிவைப் பென் டிரைவில் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். புது வீட்டில் பால் பொங்குகிற நேரத்தில் மழை விட்டிருக்கட்டும், கரண்ட் விடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி,
வினோதினி

பி.கு.: அண்ணி, பென் டிரைவ் வைத்திருக்கிறேன் என்று மேலே எழுதியதை நம்பாதீர்கள், எடுத்துவிட்டேன். உறைக்குள் போடுவதற்கு முன் பதிவு ஏறியிருக்கிறதா என்று கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டேன். நாதஸ்வரம் முடிகிறது. தூரத்தில் மாமா மீன்காரம்மாவிடம் கத்துகிறார். ஊசி 'ஸ்ஸ்ஸ்' என்கிறது. அப்புறம், ஃபோனுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் குரல்: "திப்புடா." கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. "டேய்! திப்புடா!"

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். வீடு முழுக்க வந்து கேட்டது. உங்கள் தம்பி கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து கேட்டார். "மொத பேச்சே அதிகாரம், அப்பிடியே என் மாமியா" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். தாத்தா என்றுதான் முதலில் சொல்லப்போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மாமா, "என்னத்தான் டேய்னு கூப்புடுது, என்னத்தான்!" என்று தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். 'அம்மா'வை இன்னும் காணோம். பரவாயில்லை, வேணுவுக்குத்தான் முதல் அழைப்பு, இந்த வீட்டில் வேணு நான்தானே. நாளைக்கு டாக்டரிடம் போகத்தான் போகிறோம், பென் டிரைவையும் எடுத்துக்கொண்டு.

புது மெஷின் வாங்க வேண்டாம். மாமா ஸ்பீக்கர் செட்டைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறார். "ஜெயசுதாகிட்ட எழுது, ஃபோனும் வேணாம் ஒண்ணும் வேணாம், ரெக்காட்டோட நானே வரேன்னு. திருப்பறதுக்கு நீ இருக்கற, சொல்றதுக்கு அவ இருக்கா."