சம்பள உயர்வுக்கு ஒரு ஒத்திகை

குழாயும் வாஷ்பேசினும் விற்கிற கம்பெனியின் ஸ்டோர்கீப்பர் அன்று காலை பல் தேய்த்துக்கொண்டே ஒரு சபதம் எடுத்தார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்காமல் இனி விடுவதில்லை! வாய் நிறைய நுரையோடு சொன்னதால் யாருக்கும் புரியவில்லை. கொப்பளித்துவிட்டு மறுபடி சொன்னார்.

காரணம் இல்லாமல் இல்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளத்தான் அவரை எடுத்தார்கள். அப்புறம், ஒழுகுகிற குழாயைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் திட்டு வாங்கும் வேலையும் தலையில் விழுந்தது. போன மாதத்திலிருந்து, சாயங்காலம் லாரியில் சரக்கு ஏறி முடிகிறவரை நிற்கவும் வேண்டும். சம்பளம் மட்டும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளம் இவருடையதைத் தாண்டிவிட்டது. அவள் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை. சொல்லிக்காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

"மேனேஜரைப் பார்த்தாலே உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கும். ஒரு ஒத்திகை பார்த்துருவோம்" என்றாள் மனைவி. ஊசி ஏறினதே தெரியாமல் ரத்தம் எடுக்கிற கை அவளுக்கு. அவருடைய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்னய்யா வேணும்?"

"சார்... வந்து... சம்பளம்..."

"அதான் ஒண்ணாம் தேதியே வந்துச்சே?"

"வந்துச்சு சார். ரொம்ப நன்றி சார்."

"கிழிஞ்சுது!" கண்ணாடியைக் கழற்றினாள். "நன்றி சொல்லவா போறீங்க? வேலை கூடிப்போச்சுன்னு சொல்லுங்க."

"சொன்னா?"

"கம்பெனி நிலைமை சரியில்லைம்பாரு."

"ஐயோ பாவம்!"

"அவருக்காக நீங்க பாவப்படாதீங்க! 'சம்பளத்தைக் கூட்டுங்க, இல்லேன்னா லாரி வேலையை வேற ஆளுக்குக் குடுங்க.' இவ்வளவுதான். சொல்லிட்டு வாயை மூடிக்கணும்."

"லாரி எதுக்கு? திட்டு வாங்குற வேலையை எடுத்துக்கச் சொன்னா என்ன?"

"அது உங்களுக்கு நல்லாப் பழகிப்போச்சு, இருந்துட்டுப் போகட்டும். லாரியைச் சொல்லுங்க."

போனார். ஒரே மூச்சில் சொன்னார். வாயையும் மூடிக்கொண்டார். மேனேஜர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கம்பெனி நிலைமை உங்களுக்கே தெரியும். லாரியை இனிமே வாட்ச்மேன் பார்த்துக்கட்டும். நீங்க அஞ்சு மணிக்குக் கிளம்புங்க."

'ஐயையோ, முதல்ல கேட்டதைக் குடுங்க சார்' என்று கத்தத் தோன்றியது. மனைவியின் கட்டளையை மீறிப் பழக்கமில்லாததால் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்குள் குற்றவாளி மாதிரி நுழைந்தார். இனி எந்த ஜென்மத்திலும் அவளை முந்தப்போவதில்லை என்று நினைக்கையில் அழுகையே வந்தது.

"சம்பளம் கூடலை. லாரியை மட்டும் எடுத்துட்டாங்க. நாளையிலேருந்து அஞ்சு மணிக்கே விட்டுடுவாங்களாம்."

"அட, சாதிச்சுட்டீங்களே!" மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எங்க சாதிச்சேன்? ஒரு பைசா கூடலையே!"

"எனக்குக் கூடியிருக்கு. லேப்ல சாயங்கால ஷிஃப்டுக்கு என்னைத்தான் இன்சார்ஜாப் போடறாங்க. போன வாரமே கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க."

ஸ்டோர்கீப்பர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொல்லியிருந்தா நீங்க அந்த லாரியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அங்கேயே நின்னிருப்பீங்க."

அதில் உண்மை இருந்ததால் அவர் பேச்சை மாற்றினார். "அப்ப சாயங்காலம் பாப்பாவை டியூஷன்லேருந்து யார் கூட்டிட்டு வர்றது? ராத்திரிச் சமையலுக்கு ஆள் பார்த்துட்டியா?"

"பார்த்தாச்சு. நாளைக்கு அஞ்சரை மணிக்கு வேலையில சேர்றாரு. தங்கமான மனுஷன், சம்பளம் பத்தி வாயே திறக்கமாட்டாரு."