உங்கள் மகள் புறப்படத் தாமதமாவது குறித்து

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை எழுதுவது. இன்னும் அந்த இடத்தில்தான் இருக்கிறேன் என்ற நம்பிக்கையில் எழுதுவது. நானும் அவளும் நலம். இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். எழுதிவிட்டேன். அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

நேற்று போனில் கேட்டீர்கள். "ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கறத இன்னொண்ணுல போட இத்தனை வாரமா மாப்பிள்ளை? சரி, இப்ப எத்தனை பர்சன்ட் முடிஞ்சிருக்கு, அதைச் சொல்லுங்க." வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்த்துக் குறித்தவர் நீங்கள். எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு முள் இருக்கும், அது ஓர் எண்ணைக் காட்டும் என்று நம்புகிறவர். அப்போது அவள் பக்கத்தில் இருந்தாள். அதனால் எண்ணைச் சொல்ல முடியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

நாங்கள் பிரிவது பற்றி நாம் மூவரும் உட்கார்ந்து பேசிய ஏற்பாடு உங்களுக்கு நினைவிருக்கும். சண்டை இல்லை. உங்களுக்குப் புரியாமல் போனது அதுதான். அடித்தானா, குடித்தானா, யாராவது ஒருத்தியா என்று கேட்டீர்கள். எதுவும் இல்லை என்று அவளே சொன்னாள். எங்கள் தொழில் படங்களுக்குச் சப்டைட்டில் போடுவது. யார் என்ன பேசுகிறார்கள் என்பதை நான் எழுதுவேன். அது எந்த நொடியில் திரைக்கு வர வேண்டும், எந்த நொடியில் போய்விட வேண்டும் என்பதை அவள் பார்ப்பாள். ஒரே அறை, இரண்டு மேசை, இரண்டு ஹெட்போன். இத்தனை வருட வேலையும் ஸ்டோர் ரூமில் இருக்கும் சர்வருக்குள் கிடக்கிறது. போட்டோக்களும் அதற்குள்தான். அங்கே வந்து தனியாகத் தொழில் செய்ய அவளுக்கு எல்லாமே வேண்டும். எனக்கும் எல்லாமே வேண்டும். பாதி பாதி ஆக்க முடியாது. எனவே முழுசாக இரண்டு. நகல் எடுத்து, ஒருமுறை திறந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்தபின் அவள் புறப்படுவாள். இது ஏற்பாடு.

காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம், பேக்கப் சாஃப்ட்வேர் சும்மாவே நிறையக் கிடைக்கிறது என்று சொன்னது நீங்கள். குறை சொல்லவில்லை. நிறையக் கிடைக்கிறது என்பது உண்மைதான்.

முதலில் போட்டது, சொந்த உபயோகத்துக்கு இலவசம் என்று அறிவித்துக்கொண்ட ஒன்று, அவள் கம்ப்யூட்டரில் ஏற்றியதுமே இது சொந்த உபயோகத்துக்கா தொழிலுக்கா என்று கேட்டது, நான் தொழிலுக்கு என்றேன், அவள் வீட்டுக்குள்தானே இருக்கிறது என்றாள், வீட்டுக்குள் இருந்தாலும் சம்பாதிக்கிறதே என்றேன், பொய் சொல்லி இலவசமாக வாங்குவது சரியா என்று கேட்டேன், இப்படியே மத்தியானம் ஆகிவிட்டது.

"இதுல எது தொழில், எது சொந்தம்னு நீயே பிரிச்சுக் காட்டு பாப்போம்."

"பிரிக்கத்தானே இதையே போடுறோம்."

"அப்ப சொந்தம்னு அமுக்கு. பிரியற வரைக்கும் சொந்தம்தான்."

அமுக்கினேன். அவளுடையதை நகல் எடுத்தது. என்னுடையதையும் எடுத்தது. சர்வரிடம் போனதும் நின்றுவிட்டது. சர்வர் வைத்திருக்கிற அளவுக்கு வசதி இருந்தால் பணம் கட்டு என்ற பொருள்பட நாலு வரி.

இரண்டாவது, கண்ணாடி மாதிரி. இந்தப் பக்கம் என்ன இருக்கிறதோ அந்தப் பக்கமும் அப்படியே ஆக்கிவிடும். சர்வருக்கும் இலவசம். எது அசல், எது நகல் என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும், நான் மாற்றிச் சொல்லிவிட்டேன், புதிதாக வாங்கிய காலி டிஸ்க்கைப் பார்த்து நிறைந்திருந்த சர்வர் தன்னைத்தானே காலி செய்துகொள்ள ஆரம்பித்தது, பச்சைக் கோடு அப்படி ஓடியது, இவ்வளவு வேகமான இலவசத்தை நான் கண்டதில்லை, வா வந்து பார் என்று அவளைக் கூப்பிட்டேன், துவைத்த துணிகளை அணைத்துக்கொண்டு வந்தவள் திரையைப் பார்த்தாள், துணிகளைத் தரையில் போட்டாள், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"படிச்சுப் பாத்துத்தானே அமுக்கின?"

"படிச்சேன்."

"எத?"

லிஃப்ட் பழுதுபார்ப்பது பற்றிய ஒரு பயிற்சிப் படமும், வருமான வரி ஃபோல்டர் முழுதும் போய்விட்டன. ஆடிட்டர் மட்டும்தான் அழுதார். நாங்கள் ஸ்டோர் ரூம் தரையில் ஈரத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து சிரித்தோம். ரொம்ப நேரம். இதை உங்களுக்கு எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மூன்றாவது, சர்வர் வைத்துப் பிழைப்பவர்கள் பயன்படுத்துவது. படம் இல்லை, பொத்தான் இல்லை, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். ஒரு புள்ளி விட்டுப்போனால் பேசாது. உங்கள் மகளைப் போல என்று எழுதப் பார்த்தேன். என்னைப் போல என்பதுதான் சரி. அதற்கு ஒரு குணம். ஒரே பொருள் மூன்று இடத்தில் இருந்தால் ஒருமுறைதான் எடுத்து வைக்கும். மற்ற இரண்டுக்கும் 'ஏற்கெனவே உள்ளது' என்று எழுதிவிட்டுப் போய்விடும். திரை முழுக்க அது ஓடிக்கொண்டிருந்தபோது அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வரியில் விரலை வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் எடுத்த போட்டோ. சாமான் எதுவும் வராத அறை, சுருட்டி வைத்த மெத்தைமேல் இரண்டு பேர். அவள் கம்ப்யூட்டரில் அதன் பெயர் 'காலி ரூம்'. என்னுடையதில் 'மெத்தை'. சர்வரில் இருப்பது போதாதென்று ஆளுக்கொன்றாகத் தனியே எடுத்து வைத்திருக்கிறோம்.

"நீயும் வச்சிருக்கியா?"

"ம்."

"சொல்லவே இல்ல."

"நீயும்தான்."

பிறகு அது ஒரு பாஸ்வேர்டு கேட்டது. மறந்தால் அதை உருவாக்கியவர்களாலேயே திறக்க முடியாது என்று எச்சரித்தது. நீ வை என்றேன். இல்ல நீயே வை என்றாள். சாயங்காலம் வரை கட்டம் மின்னிக்கொண்டிருந்தது. யாரும் வைக்கவில்லை.

நான்காவது இப்போது ஓடுவது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இலவசம், ஒரே ஒரு சர்வருக்கும் இலவசம், உங்களைப் போன்ற பெருந்தன்மை. தினமும் காலையில் எங்கள் இரண்டு போனுக்கும் 'வெற்றி' என்று செய்தி வந்தது. ஒரு வாரம் வெற்றி. பிறகு, திறந்து பார்ப்போம் என்று அவள் சொன்னாள். திறந்தோம். எல்லா ஃபோல்டரும் இருந்தது. பெயர், தேதி, வரிசை, எல்லாம். உள்ளே ஒன்றும் இல்லை. நான் ஏதோ ஒரு கட்டத்தில் டிக் போட மறந்திருக்கிறேன்.

"வெளியிலேர்ந்து பாத்தா எல்லாம் இருக்கில்ல?" என்றாள்.

திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை டிக்குகளை அவள் படித்துப் பார்த்தாள். மெதுவாக ஓட வைக்க அதில் ஒரு வசதி இருக்கிறது. மற்ற வேலைகளுக்கு இடைஞ்சல் ஆகக் கூடாது என்று அதைத்தான் வைத்தேன். எந்த வேலைக்கு என்று கேட்காதீர்கள். இப்போது தொண்ணூற்றெட்டு சதவீதம், மாமா. நீங்கள் கேட்ட எண் அது.

அதனால் ஒரு வேண்டுகோள். இன்னும் இரண்டு வாரம் வேண்டும். நகல் முடிந்தாலும் சோதனை இருக்கிறது. சோதனைக்குப் பிறகு மறுசோதனை. அவசரப்பட்டு அனுப்பிவிட்டு அங்கே வந்து எதுவும் திறக்காமல் போனால் நாளைக்கு நீங்களே என்னைத்தான் கேட்பீர்கள். அவளிடம் தேதி கேட்க வேண்டாம். அவளுக்கான அறையைக்கூட இப்போதே ஒழிக்க வேண்டாம். அங்கே அத்தையின் தையல் மெஷின் இருக்கட்டும், இரண்டு வாரத்தில் என்ன ஆகிவிடப்போகிறது. நீங்கள் மீட்டர் பார்க்கப் போன இடங்களிலும், முள் ஆடிக்கொண்டிருந்தால் நிற்கும் வரை காத்திருந்துதானே குறித்திருப்பீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி எனக்கு இன்னும் உண்டு என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் தெரிவிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து எதிர் மேசையில் உட்கார்ந்தாள்.

"அப்பாவுக்கா? என்ன எழுதின?"

"சாஃப்ட்வேர் பத்தி."

"அதை எழுதியே ஒரு வாரம் ஓட்டிடுவ." பிறகு, "நான் காப்பி எடுத்தாச்சு. அந்தத் துணியெல்லாம் தரையில விழுந்த மறுநாளே. நீ பேங்குக்குப் போயிருந்தல்ல, தனியா ஒரு டிஸ்க்க வயர்ல மாட்டி, எல்லாத்தையும் மவுஸால அதுக்குள்ள இழுத்து விட்டேன். நீ வர்றதுக்குள்ள பாதி வந்துடுச்சு. மீதிய மெல்ல எடுத்துக்கிட்டேன். திறந்தும் பாத்துட்டேன்."

"எந்த சாஃப்ட்வேர்ல?"

"எதுலயும் இல்ல. கையாலதான்."

"அப்புறம் ஏன் இவ்வளவு நாள் இருந்த?"

"நீ பேசிக்கிட்டிருந்தியே. திட்டின, கேட்ட, கூப்பிட்டுக் காட்டின. எவ்வளவு நாளாச்சு இப்படிப் பேசி? அதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப இரேன்."

அவள் என் திரையைப் பார்த்தாள். "இது இப்ப சரியா ஓடுது. இனிமே எதைப் பத்திப் பேசுவோம்?"

ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நானும் திரையைப் பார்த்தேன். அவள் எழுந்து போய்ப் பெட்டியை இறக்கினாள்.

இரண்டு வாரம் கேட்டிருந்தேன். வேண்டாம். சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறாள். டிஸ்க் கைப்பையில் இருக்கும். இறங்கும்போது இடிபடாமல் வாங்கிக்கொள்ளுங்கள். புத்தகங்களும் பெரிய நாற்காலியும் பஸ்ஸில் ஏறாது, அவை இங்கேதான் இருக்கின்றன. வண்டி பிடித்து நானே கொண்டுவந்து தரலாமா என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள், மாமா. பக்கத்து அறையில்தான் இருக்கிறாள். எனக்குக் கேட்க வரவில்லை.