பக்கத்து வீட்டம்மாவாக வந்த என் மாமியார்

எல்லோரும் பேசியோ எழுதியோ பட்டம் வாங்குவார்கள். நான் இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்து வாங்கினேன். (பத்தொன்பதே முக்கால் நிமிடம் என்று எங்க வூட்டுக்காரர் திருத்துவார். இந்தக் கதையில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.)

வெள்ளிமலையில் ஒரு விடுதிப் பள்ளியில் அப்போது நான் அறிவியல் டீச்சர். பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர் ஒருவரை வைக்கப் போகிறார்கள், அதற்கென்று படித்தவர் வேண்டும் என்று பேச்சு வந்தது. ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்து, "நீங்கதான் எல்லாருக்கும் புத்திமதி சொல்லிக்கினே இருக்கீங்களே, படிங்களேன்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு ஆன்லைனில் முதுகலை சேர்ந்தேன். வாரத்தில் ஐந்து நாள் மலையில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் பிடித்து மணலூர்பேட்டை வீட்டுக்கு வந்தால், சனி ஞாயிறு இரண்டு நாளும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறைக்குள் வகுப்பு. இப்படியே இரண்டு வருஷம் ஓடியது.

எழுத்துத் தேர்வையெல்லாம் ஊதித் தள்ளிவிட்டேன். கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. கேமரா முன்னால் ஒருவரை உட்கார வைத்து, அவர் மனசில் இருப்பதை இருபது நிமிடம் கேட்க வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, தீர்ப்புச் சொல்லக் கூடாது, குறுக்கே பேசவே கூடாது. முதல் முறை ஃபெயில். வந்த பெண்மணி "எனக்கு ராத்திரியில தூக்கமே..." என்று ஆரம்பித்ததுதான் தெரியும். பால் குடிங்க, போனைத் தள்ளி வைங்க, காலையில நடங்க என்று நான் மூச்சு விடாமல் பேசி முடித்தபோது நேரமும் முடிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் போனால் இரண்டு வருஷப் படிப்பும் போச்சு, மலையில் அந்த வேலையும் போச்சு.

இரண்டாவது தேர்வு ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு. கள்ளக்குறிச்சியிலிருந்து வருவதாகச் சத்தியம் செய்திருந்த தோழி பத்து மணிக்கு போன் செய்தாள். "சாரிடி, எங்க நாத்தனாரைப் பொண்ணு பாக்க வந்துக்கினு இருக்காங்க."

கரும்பு வெட்டு நேரம். தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை. வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். எங்க வூட்டுக்காரரை உட்கார வைத்தால் இருபது நிமிடமும் "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். மிச்சம் இருந்தது என் மாமியார். விதிமுறையில் 'முடிந்தவரை உறவினர் வேண்டாம்' என்று ஒரு வரி இருந்தது. அந்த 'முடிந்தவரை'யைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, நீங்க பக்கத்து வூட்டம்மான்னு சொல்லிடுங்க. ராத்திரியில தூக்கம் வரலன்னு மட்டும் சொன்னா போதும்."

"எனக்குத்தான் படுத்ததும் தூக்கம் வந்துடுதே."

"சும்மா சொல்லுங்க அத்தை."

"டீச்சரா இருந்துக்கினு பொய் சொல்லச் சொல்ற" என்றபடியே உள்ளே போனவர், கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் அரக்குப் பட்டில் வந்து உட்கார்ந்தார். பேச வேண்டியதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஜன்னலுக்கு வெளியே எங்க வூட்டுக்காரரை நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கோழி, காய்கறி வண்டி, சொந்தக்காரர் எது வந்தாலும் தடுப்பது அவர் பொறுப்பு.

பதினொன்றுக்குத் திரையில் தேர்வாளர் மேடம் வந்தார். பக்கத்து வீட்டம்மா என்று அறிமுகம் செய்துவைத்தேன். மாமியார் தாளைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ராகம் போட்டு வாசித்தார். "எனக்கு ராத்திரியில் சரியாகத் தூக்கம் வருவதில்லை." தாளைத் திருப்பினார். "இன்று மேல்நோக்கு நாள்."

"அம்மா, அந்தப் பேப்பரைக் கீழ வெச்சிடுங்க" என்றார் மேடம். "உங்க மனசுல நெஜமா என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க. இங்க சொல்றது எதுவும் வெளிய போகாது."

"வெளிய போவாதா?"

"போகாதும்மா."

மாமியார் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எனக்கு ஒரு மருமவ இருக்கறாம்மா" என்றார்.

"மருமகளைப் பத்தி மனசுல ஏதோ இருக்கு..." என்றேன், பாடப்புத்தகப்படி.

"ஏதோவா? மூட்டையே இருக்குது. கொழம்புல எண்ண ஜாஸ்தி, உப்பு கம்மி. வாயத் தொறந்தா புத்திமதி. மாத்தர போட்டீங்களா, தண்ணி குடிச்சீங்களா, ஏன் நடக்கலன்னு ஒரே கேள்வி. நான் இன்னா ஏழாங்கிளாஸ் புள்ளையா?"

"அது உங்களுக்கு எப்படி இருந்துச்சும்மா?"

"எரிச்சலா இருந்துச்சு. வேற எப்படி இருக்கும்?"

"எரிச்சலா இருந்திருக்கு" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் கொஞ்சம் நசுங்கித்தான் வந்தது. மேடம் தலையாட்டிக்கொண்டே ஏதோ குறித்துக்கொண்டார். பரவாயில்லை, இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

"அதெல்லாம்கூட போவுதும்மா. எந்தம்பி பொங்கலுக்கு எனக்குன்னு வாங்கிக் குடுத்த மிக்சி. அத ஒடச்சிட்டு, ஒரு வார்த்த சொல்லாம பரண் மேல ஏத்தி வெச்சிட்டா. வாழ வந்த பொண்ணு, மனசு நோவுமேன்னு ஒரு வருசமா நானும் கேக்கல."

"ஐயோ அத்தை! அத நான் ஒடைக்கவே இல்ல! நீங்க ஒடச்சிட்டீங்கன்னு நெனச்சிக்கினு நான்தான் ஒரு வருசமா கேக்கல!"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம். நாற்காலி காலி. வாசலில் பைக் ஸ்டார்ட் ஆகும் சத்தம் மட்டும் கேட்டது. (முழு வெல்லக்கட்டியை மிக்சியில் போட்டு அரைத்த மகானுபாவர் அன்று பொழுது சாய்ந்துதான் வீடு திரும்பினார்.)

"ஒரு நிமிஷம்" என்றது திரை. "அத்தையா?"

"மாமியாருங்க மேடம்."

போச்சு, எல்லாம் போச்சு. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கிக்கொண்டு படித்த பாடமெல்லாம் கண்முன்னால் வந்து போனது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. தொடருங்க."

எதைத் தொடர்வது? பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. "மன்னிச்சிக்குங்க அத்தை, குறுக்க பேசிட்டேன். நீங்க சொல்லுங்க" என்றேன்.

மாமியார் முந்தானையை நீவிவிட்டுக்கொண்டார். "மிக்சி கெடக்குது, வுடு. அஞ்சு நாளு மல மேல இருக்கற. ரெண்டு நாளு இங்க வந்து கதவச் சாத்திக்கினு, காதுல மாட்டிக்கினு, ஊர்ல இருக்கறவங்க மனசெல்லாம் படிக்கிற. வெள்ளிக்கெழம வருவியேன்னு கொழுக்கட்ட செஞ்சி வெக்கிறேன். அந்தப் பொட்டியப் பாத்துக்கினே துன்ற. எங்கூட உக்காந்து ஒரு டம்ளர் காப்பி குடிச்சி ரெண்டு வருசம் ஆவுது."

என்னிடம் நூறு காரணம் இருந்தது. அத்தனையையும் விழுங்கினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். (கையைப் பிடித்தால் மார்க் குறைப்பார்களோ என்று அப்போதும் ஓரமாக ஒரு கவலை. என் லட்சணம் அவ்வளவுதான்.)

நேரம் முடிந்தது. "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மேடம் மாமியாரைக் கேட்டார்.

"பாரம் எறங்குனாப்புல இருக்குதும்மா. இவ கம்முனு இருந்து இன்னிக்குத்தான் பாத்தேன்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "உறவினரைக் கூட்டிட்டு வந்ததுக்கு மார்க் குறைக்கிறேன். பக்கத்து வீட்டம்மான்னு பொய் சொன்னதுக்கும் குறைக்கிறேன். நடுவுல ஒரு தடவை மருமகளாவே ஆயிட்டீங்க. ஆனா திரும்பி வந்து காது குடுத்துக் கேட்டீங்களே, அது எல்லாருக்கும் வராது. பாஸ்."

அப்பாடா! லேப்டாப்பை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"இன்னாடி, பெயிலா?" என்றார் மாமியார்.

"பாஸ் அத்தை."

"பின்ன இன்னாத்துக்கு அழுவுற? எழுந்து வா, காப்பி போடறேன்."

இப்போது வெள்ளிமலையில் அதே பள்ளியில் நான்தான் ஆலோசகர். பிள்ளைகள் வந்து உட்கார்ந்தால், அவர்கள் பேசும் வரைக்கும் நான் வாயைத் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடப் பிரிக்காமல் முதலில் காப்பி.

அங்கே சொன்னது வெளியே போகக் கூடாது என்ற விதி ஆலோசகருக்குத்தான், வந்து பேசியவருக்கு இல்லை. மாமியார் அதைச் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டார். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "எம் மருமவள நான்தான் பாஸ் பண்ண வெச்சேன்" என்று ஆரம்பித்து மிக்சி வரைக்கும் சொல்லிவிடுகிறார். வீட்டில் குழம்பில் எண்ணெய் கூடிப்போனால் சண்டையெல்லாம் போடுவதில்லை. உள்ளே போய் அந்த அரக்குப் பட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்வார்.

"எனக்கு ஒரு மருமவ இருக்கறாம்மா..."

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார வேண்டும். அதற்குள் வாசலில் பைக் ஸ்டார்ட் ஆகியிருக்கும்.