ஈவினிங் ஒல்சோ

பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். அலுவலகத்தில் நமக்குப் பின்னால் சேர்ந்தவன் நமக்கு முன்னால் உயர்ந்தால் சில நாட்கள் சாப்பாடு இறங்காது, பிறகு இறங்கிவிடும். ஆனால் சகலை வெள்ளைக்காரர்களோடு சிரித்துப் பேசுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய மனிதனுக்கு எந்த வைத்தியமும் இல்லை.

எங்களுக்குக் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வீடு. சற்றுத் தள்ளி, அதே ஒழுங்கையில், என் மனைவி கமலாவின் தங்கை கணவர் மோகனின் வீடு. மோகன் தன் மேல்மாடி அறையை உல்லாசப் பயணிகளுக்கு விட்டிருந்தார். மாலையானால் அவர்கள் அவருடைய விறாந்தையில் உட்கார்ந்து சிரிப்பது என் வீட்டு அலுமாரிக்குள்ளேயே கேட்கும். இத்தனைக்கும் மோகனின் இங்கிலீஷ் எப்படிப்பட்டது? நேற்றுக்கும் "ஐ கோ", நாளைக்கும் "ஐ கோ". போன வருஷம் செத்துப்போன அவருடைய நாய் அவர் வாயில் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

நானோ ஒழுங்கானவன். பள்ளிக்கூட நாளிலிருந்து விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். சட்டைகளை நிற வரிசையில் மாட்டுகிறவன். ஒரு வாக்கியத்தைப் பிழையாகப் பேசுவதைவிடப் பேசாமலே இருப்பது மேல் என்ற கொள்கை உடையவன். ஆகவே வெள்ளைக்காரர்கள் எதிர்ப்பட்டால் வேலியைப் பார்த்துக்கொண்டு போவேன்.

அந்த நிம்மதியையும் கமலா கெடுத்தாள். "மோகன் தம்பியப் பாருங்க, என்னமா பேசுது. நம்ம பின்னறையும் சும்மாதானே கெடக்கு."

அடுத்த சனிக்கிழமையே கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு மருந்துக்கடைக்கு மேலே நடந்த இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். மடவளையிலிருந்து வரும் பரீனா மிஸ்தான் ஆசிரியை. முதல் பாடம் சிம்பிள் பிரசன்ட் டென்ஸ்.

"டெய்லி செய்ற வேலையச் சொல்றதுக்குத்தான் இது. வழமையா செய்றது மட்டும். ஒங்கட ஒரு நாளப் பத்தி ஒரு பந்தி எழுதிட்டு வாங்க" என்று சொல்லி, மாதிரிக்கு நாலைந்து வரியில் ஒரு பந்தியைப் பலகையில் எழுதிப் போட்டார்.

அந்த மாதிரிப் பந்தியில் வாழ்ந்த மனிதன் அற்புதமானவன். காலை ஐந்து மணிக்கு எழும்புகிறான். ஆற்றோரமாக ஓடுகிறான். வீட்டுக்கு வந்து சமையலறையில் தாய்க்கு உதவி செய்கிறான். அவன் ஒருபோதும் கோபப்படுவதில்லை.

வீட்டில் உட்கார்ந்து என் நாளையும் எழுதிப் பார்த்தேன். ஆறரைக்கு எழும்புகிறேன், தேநீர் குடிக்கிறேன், பத்திரிகை வாசிக்கிறேன், மனைவி திட்டுகிறாள். இவ்வளவு எளிய வாழ்க்கையிலும் மிஸ் பல இடங்களில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். என் நாளில் பிழை இருந்தது. மிஸ் எழுதிய நாளில் ஒரு பிழையும் இல்லை. ஆகவே அதையே எழுத்து விடாமல் பாடமாக்கினேன். (பசுவைப் பற்றிய கட்டுரையைப் பாடமாக்கியே பரீட்சையில் சித்தியடைந்த தலைமுறை நாங்கள். எங்களில் ஒருவனும் பசு வளர்த்ததில்லை.) தாய் என்ற இடத்தில் மனைவி என்று மாற்றியது மட்டும் என் சொந்தப் படைப்பு.

முதல் விருந்தாளிகள் மோகன் தயவில் வந்தார்கள். "சகல, என் ரூம் நெறஞ்சிருச்சு. ஒரு சோடி இருக்காங்க, ஒங்க வீட்டுக்கு அனுப்பவா? நல்ல சனம்."

மிச்சச் சோற்றைக் கொடுப்பது போல இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "அனுப்புங்க தம்பி" என்றாள் கமலா.

ஹாலந்துக்காரர்கள். கணவர் யான், மனைவி அன்னா. கமலா தேநீரைக் கையில் தந்து என்னை முன்னறைக்குத் தள்ளினாள். "வாயத் தொறந்து பேசுங்க. இல்லாட்டி சாயந்தரமானா மோகன் தம்பி வீட்டுலதான் போயி ஒக்காருவாங்க."

யான் ஏதோ கேட்டார். என்ன செய்கிறேன் என்று கேட்பது போல இருந்தது. வாயைத் திறந்தேன். "ஐ கெட் அப் எட் ஃபைவ்" என்று தொடங்கிய பந்தி, உடைந்த குழாயைப் போல, கோபப்படாத இடம்வரை ஓடித்தான் நின்றது. அன்னா கை தட்டினார். (மோகன் வீட்டுப் பக்கத்து ஜன்னலை முன்கூட்டியே திறந்து வைத்திருந்தேன்.) பிறகு இருவரும் ஆவலாக ஏதோ கேட்டார்கள். "யெஸ், யெஸ்" என்றேன். மிஸ்ஸின் பந்தியில் "நோ" வரவில்லை.

மறுநாள் விடியுமுன் கமலா என்னை உலுக்கினாள். "ஏங்க, அவங்க ரெண்டு பேரும் சப்பாத்துப் போட்டுக்கிட்டு வாசல்ல குதிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. என்னத்தச் சொல்லித் தொலச்சீங்க?"

என்னிடம் இருந்தது அலுவலகச் சப்பாத்து ஒன்றுதான். பளபளவென்று துடைத்து வைத்திருந்தேன். அதை மாட்டிக்கொண்டு மகாவலி ஆற்றுப் பக்கமாக ஓடினேன். முதல் வளைவுவரை மாதிரி மனிதன் ஓடினான். அதற்குப் பிறகு நான் ஓடினேன். மூச்சு முட்டி, முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றபோது, இதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்று நினைத்து அவர்களும் பக்கத்தில் குனிந்தார்கள். யான் அதைப் படம் வேறு எடுத்தார். திரும்பும்போது ஒரு சப்பாத்தின் அடி கழன்று, அடிக்கு அடி கை தட்டிக்கொண்டு வந்தது.

மோகன் விறாந்தையில் தேநீரோடு நின்றார். "என்ன சகல, யாரு வெரட்டுறா?"

நான் பதில் சொல்லுமுன் அன்னா முந்திக்கொண்டார். இவர் தினமும் ஓடுகிறாராமே, எங்களிடம் சொன்னாரே, என்று பூரிப்போடு அவரிடம் சொல்வது எனக்கே புரிந்தது. என் மானம் மோகனின் வாயில் இருந்தது. அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். ஒரு மிடறு தேநீர் குடித்தார்.

"யெஸ், யெஸ். எவ்ரி டே. வெரி ஸ்ட்ரோங் மேன்."

அந்த ஒரு கணம், வாழ்க்கையில் முதல்முறையாக, எனக்கு அவர்மேல் பொறாமை இல்லை. கண்கூடக் கலங்கியது. அதற்குள் அவர் இன்னொரு மிடறு குடித்துவிட்டுச் சேர்த்துச் சொன்னார்: "ஈவினிங் ஒல்சோ."

அவர்கள் இருந்த நாளெல்லாம் காலையும் மாலையும் ஓடினேன். சமையலறையும் தப்பவில்லை. கமலாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் வைஃப், கிச்சன், ஹெல்ப் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எந்த மனைவிக்கும் புரியும். ஒரு தேங்காய்ப் பாதியையும் துருவலையையும் என் முன்னால் வைத்தாள். விரலையும் சேர்த்துத் துருவினேன். அன்னா பார்த்துக்கொண்டிருந்ததால் கோபப்படவும் முடியவில்லை. அன்றைய நாட்குறிப்பில் "வானிலை நன்று" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஹாலந்து போய்ச் சேர்ந்ததும் அவர்கள் எங்கள் வீட்டைப் புகழ்ந்து, நான் குனிந்து நிற்கும் படத்தோடு இணையத்தில் எழுதிவிட்டார்கள். இப்போது எங்கள் பின்னறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஓடும் சப்பாத்தோடுதான் வருகிறார்கள். நானும் ஒரு சோடி வாங்கிவிட்டேன். குடும்பத்தில் யார் பெருமை பேசினாலும், மகன் சம்பள உயர்வைச் சொன்னாலும், மைத்துனி தன் பிரியாணியைச் சொன்னாலும், மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: "ஈவினிங் ஒல்சோ."

போன வாரம் மோகன் வந்தார். அவருடைய மேல்மாடி அறை இப்போது அடிக்கடி சும்மா கிடக்கிறது. என் வீட்டு வாசலில் வரிசையாக இருந்த வெள்ளைக்காரச் சப்பாத்துகளைச் சற்று நேரம் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"சகல, நானும் அந்த மிஸ்ஸுகிட்ட சேந்துட்டேன். நமக்கு எழுத வராது. மிஸ் குடுத்த பந்தியவே பாடமாக்கிட்டேன். சரியான்னு பாருங்க."

சொல்லிக் காட்டினார். மிஸ் பந்தியை மாற்றியிருக்கிறார். இந்த மனிதன் ஓடுவதில்லை. விடியற்காலையில் ஆற்றில் நீந்துகிறான். மோகன் வாளித் தண்ணீரையே கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிக்கொள்கிறவர்.

"ஒரு பிழையும் இல்ல சகல," என்றேன். "அப்பிடியே சொல்லுங்க."

வருகிற வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்கு ஒரு சோடி வருகிறதாம். அன்று காலை தேநீரோடு ஆற்றங்கரைப் பக்கம் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன். என்னைக் கேட்டால் சொல்ல வேண்டியது இரண்டே சொல். அதைப் பாடமாக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.